இரட்சிக்கப்பட்ட தேதி எனக்குத் தெரியாது, நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கை தூக்கி, முன்னால் போய் முழங்கால்போட்டு, ஊழியக்காரர் சொல்லச் சொல்ல ஜெபித்தீர்கள். ஒரு வருடம் நன்றாகப் போனது. அப்புறம் பழைய பாவத்துக்கே திரும்பினீர்கள். "அன்றைக்கு நான் உண்மையாகச் சொல்லவில்லையோ" என்று அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கை தூக்கினீர்கள். அப்படி ஏழெட்டுத் தடவை ஆகிவிட்டது. இப்போது வயது இருபத்தேழு. ராத்திரி விளக்கை அணைத்ததும் "இப்போது செத்தால் எங்கே போவேன்" என்ற நினைப்பு வந்து நெஞ்சை அடைக்கிறது. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இரட்சிக்கப்பட்ட தேதியைக் கேட்கிறார்கள், உங்களுக்குச் சொல்ல ஒரு தேதி இல்லை. அப்படியானால் நீங்கள் இரட்சிக்கப்பட்டவர்தானா, அதை இந்த உலகத்திலேயே நிச்சயமாக அறிய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

அறிய முடியும். யோவான் தன் முதலாம் நிருபத்தை எழுதினதற்குச் சொல்லும் காரணமே அதுதான்: "உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியவும்" என்கிறார் (1 யோவான் 5:13). ஆனால் நீங்கள் அதைத் தேடுகிற இடத்தில் அது கிடைக்காது. எனக்கும் அங்கே கிடைக்கவில்லை.

என்னுடைய பழைய வேதாகமம் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. முதல் வெற்றுத் தாளில் மேலே என் பெயர், அதன் கீழே "இரட்சிக்கப்பட்ட நாள்" என்று எழுதி ஒரு தேதி. அந்தத் தேதியை அடித்துவிட்டு இன்னொரு தேதி. அதையும் அடித்து மூன்றாவது, அது பச்சை மையில். நாலாவது பென்சிலில் இருக்கிறது. நாலாவது தடவை பென்சிலில் எழுதினதற்குக் காரணம் இப்போது யோசித்தால் புரிகிறது. இதையும் அழிக்கவேண்டி வரும் என்று எனக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. நான் செய்துகொண்டிருந்தது என்னவென்றால், என் ஜெபம் எவ்வளவு உண்மையாக இருந்தது, எவ்வளவு கண்ணீர் வந்தது, எவ்வளவு மனதாரச் சொன்னேன் என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மனிதனுடைய ஜெபமும் அந்த அளவுக்கு நிற்காது. பேதுருவுடைய ஜெபமே நிற்காது.

இந்தத் தேதி கேட்கிற பழக்கம் சபைக்கு ஆதியிலிருந்தே வந்ததா என்றால், இல்லை. கூட்ட முடிவில் மனம் கலங்கியவர்களை முன்னால் வரச்சொல்லித் தனி இருக்கையில் உட்காரவைக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் பரவலாக்கியவர் சார்லஸ் ஃபின்னி என்ற சுவிசேஷகர், 1830-களில். பிறகு பெரிய மைதானக் கூட்டங்களில் அது வழக்கமாயிற்று. 1956-ல் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாம் இந்தியாவுக்கு வந்தபோது சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் கூட்டங்கள் நடந்தன. நம் ஊர்ப் பக்கத்துக் கன்வென்ஷன்களில் கை தூக்குவது, முன்னால் வருவது, அட்டையில் கையெழுத்துப் போடுவது எல்லாம் இந்த வழியில் வேரூன்றியவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ குடிகாரர்கள் அப்படி முன்னால் வந்த ராத்திரியோடு குடியை விட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் சிலருக்கு நடந்த விதத்தையே எல்லாருக்கும் அளவுகோலாக வைத்தபோதுதான் உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

வேதத்திலேயே பாருங்கள். பவுலுக்கு இடம் தெரியும், நேரம் தெரியும்: தமஸ்குவுக்குப் போகிற வழி, மத்தியான வேளை. அவர் பெற்ற பிள்ளையைப் போல நேசித்த தீமோத்தேயுவுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், அவர்களுக்குள் இருந்த விசுவாசம், சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துக்கள். அவ்வளவுதான். தேதி சொல்லத் தெரியாத தீமோத்தேயுவைப் பவுல் ஒரு நாளும் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பல பேருடைய கதை தீமோத்தேயுவின் கதைதான். சூரியன் எத்தனை மணிக்கு உதித்தது என்று அவர்களால் சொல்ல முடியாது, ஆனால் வெயிலில்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, தேதி உள்ளவர்களுக்காவது நிம்மதி உண்டா? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையைப் பாதி மட்டும் நம் பிரசங்கங்களில் சொல்வார்கள். முழுவதையும் சொல்கிறேன், உங்களுக்கு அது தேவை.

வெஸ்லி குருப்பட்டம் பெற்றவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், உபவாசம் இருப்பவர், சிறைக்கைதிகளைப் போய்ப் பார்ப்பவர். மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போகும்போது, 1736 ஜனவரி 25 அன்று பெரும்புயல் அடித்தது. பிரதான பாய் கிழிந்து, தண்ணீர் மேல்தளத்தில் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் வந்த மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மன் விசுவாசிகள் பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவே இல்லை. புயல் ஓய்ந்த பிறகு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் "பயமாக இல்லையா" என்று கேட்டார். "தேவனுக்கு ஸ்தோத்திரம், இல்லை." "உங்கள் பெண்களும் பிள்ளைகளும்?" "எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாவுக்குப் பயப்படுவதில்லை." கரையிறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவிய ஊழியர் அவரிடம் "இயேசு கிறிஸ்துவை உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டார். "அவர் உலக இரட்சகர் என்று அறிவேன்." "சரி, உங்களை இரட்சித்தார் என்று அறிவீர்களா?" "எனக்காக மரித்தார் என்று நம்பியிருக்கிறேன்." தான் சொன்னது வெறும் வார்த்தையோ என்று பயந்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதினார்.

அப்புறம் 1738 மே 24. லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வெஸ்லியின் இருதயம் இனம்புரியாத விதமாய் அனல்கொண்டது. கிறிஸ்துவை, கிறிஸ்துவை மட்டுமே நம்புகிறேன், என் பாவங்களை எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் தனக்குக் கிடைத்ததாக எழுதினார். நம் பிரசங்கியார்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் அதே இரவு வீட்டுக்குப் போனதும் சோதனைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. "இது விசுவாசமாக இருக்க முடியாது, சந்தோஷம் எங்கே?" என்று சத்துரு கேட்டானாம். ஏழு மாதம் கழித்து, 1739 ஜனவரி 4 அன்று, "நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல" என்று நாட்குறிப்பில் எழுதினார். மணி நேரத்தோடு தேதி வைத்திருந்தவருக்கே இந்த நிலை! வயதான காலத்தில் அவர் இன்னும் நிதானமானார். ஏற்றுக்கொள்ளப்பட்டோம் என்ற உணர்வு இருந்தால்தான் அது நீதிமானாக்கும் விசுவாசம் என்று தான் பல வருடங்களாக நினைப்பதில்லை என்று 1768-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். இளமையில் "உணர்கிறீர்களா, உணர்கிறீர்களா" என்று ஊரெல்லாம் கேட்டவர் சொன்ன வார்த்தை அது. தம்பி, அந்த 1739 ஜனவரியைத் தாண்டி அவர் ஐம்பது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்தார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சபைகள் இந்தக் கேள்விக்கு ஒரே விடை தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1547-ல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம், தான் தேவகிருபையைப் பெற்றுவிட்டதாக யாரும் பிழைக்கு இடமில்லாத விசுவாச நிச்சயத்தோடு அறிய முடியாது என்றது. நம்பிக்கையோடு இருக்கலாம், இறுமாப்பு கூடாது என்பது அவர்கள் கவலை. 1563-ல் ஜெர்மனியில் புராட்டஸ்டண்டுகள் வெளியிட்ட ஹைடெல்பர்க் வினாவிடை, மெய்யான விசுவாசத்துக்குள்ளேயே உறுதியான நம்பிக்கை அடங்கியிருக்கிறது என்றது. 1646-ல் இங்கிலாந்தில் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இரண்டுக்கும் நடுவே ஒரு நுட்பமான வார்த்தை சொல்கிறது: நிச்சயம் கிடைக்கும், ஆனால் மெய்யான விசுவாசிகூட அதற்காக நெடுநாள் காத்திருந்து, பல கஷ்டங்களோடு போராடவேண்டி வரலாம். அந்தப் பதினெட்டாம் அதிகாரத்தை எழுதினவர்கள் போதகர்கள், உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசினவர்கள் என்பது வாசித்தாலே தெரியும். இரட்சிப்பு வேறு, இரட்சிப்பின் நிச்சயம் வேறு. இரண்டாவது இன்னும் வரவில்லை என்பதால் முதலாவது இல்லை என்று ஆகாது. இந்த ஒன்று புரிந்தாலே உங்கள் ராத்திரிகளில் பாதி பாரம் இறங்கும்.

சரி, எங்கேதான் தேடுவது? நம் தமிழ் வேதாகமத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது, வேறு எந்த விளக்கத்தையும்விட அது எனக்கு உதவியது. எபேசியர் 1:14-ல் ஆவியானவர் "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார்" என்று பவுல் எழுதுகிறார். கொரிந்தியருக்கும் "ஆவியென்னும் அச்சாரத்தை" நம் இருதயங்களில் கொடுத்திருக்கிறார் என்கிறார். அச்சாரம் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும், மாடு வாங்கினாலும் நிலம் வாங்கினாலும் முதலில் கைமாறுகிற பணம். கிரேக்க மூலத்தில் அர்ரபோன் என்று இருக்கிறது. அது கடை வீதியில், வியாபாரத்தில் புழங்கின சொல். இன்றைய கிரேக்க மொழியில் அதே சொல் திருமண நிச்சயதார்த்தத்தைக் குறிக்கிறது என்று அறிந்தபோது, "நிச்சயம்" என்ற நம் தமிழ் வார்த்தையை நினைத்து எனக்கு மனம் நிறைந்துபோனது. பேசி முடித்த வீட்டில், இன்னும் தாலி ஏறவில்லை, ஆனால் பெண்ணை யாரும் "முடிவாகிவிட்டதா" என்று கேட்பதில்லை.

எங்கள் அப்பா ஒரு முறை ஊருக்கு மேற்கே இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றார். வாங்க வந்தவர் வெற்றிலைத் தட்டில் ஐயாயிரத்து ஒரு ரூபாய் வைத்து அச்சாரம் கொடுத்தார். பத்து நாளில் பத்திரம் முடிக்கலாம் என்றார். பத்து நாள் போயிற்று, ஆள் வரவில்லை. பதினைந்து நாள். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்து, "அன்றைக்கு நான் பேசினது அவருக்குப் பிடிக்கவில்லையோ, விலையை இன்னும் குறைத்திருக்கணுமோ" என்று தன்னையே துருவிக்கொண்டிருப்பார். ஆச்சி ஒரு நாள் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்: "எதுக்குடா இப்படி முழிச்சுக் கிடக்கே? துட்டு கொடுத்தவன் அவன். விட்டுட்டு எங்க போவான்?" பெட்டியைத் திறந்து அந்த ரூபாயை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். இருபதாம் நாள் அந்த ஆள் முழுப் பணத்தோடு வந்தார்.

அப்பா தன்னைத் துருவிய நேரமெல்லாம் அச்சாரம் பெட்டிக்குள் இருந்தது. அவர் தூங்கினாலும் விழித்தாலும் அதன் மதிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அச்சாரம் கொடுத்தவருடைய பொறுப்பு அது. மனிதர் சில சமயம் அச்சாரத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், உண்மைதான். ஆனால் தேவன் ரூபாயை வைத்துவிட்டுப் போகவில்லை, தம்முடைய ஆவியானவரையே தந்தார். தம்மையே எப்படி விட்டுக்கொடுப்பார்? இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சாரம் என்பது முழு விலையில் ஒரு பகுதி. பின்னால் வரப்போவதும் அதே பணம்தான், அளவுதான் கூடும். அதனால் ஆவியானவர் இப்போது உங்களுக்குள் சிறிதாகச் செய்கிறது எதுவோ, அதுவே நித்தியத்தில் நிறைவாக வரப்போகிறது.

அப்படி உங்களுக்குள் ஏதாவது நடந்திருக்கிறதா? நீங்கள் எழுதினதிலேயே இருக்கிறது. பாவத்தில் விழுந்தபின் உங்களால் அங்கேயே படுத்துக்கிடக்க முடியவில்லை. ஜெபிக்கக் கூசினாலும் கடைசியில் அவரிடமே போகிறீர்கள். ரோமர் 8:15 சொல்கிற "அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற" ஆவியானவருடைய வேலை இதுதான். அப்பா என்பது இயேசு பேசின அரமேய மொழியின் வார்த்தை, தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் கூப்பிடுகிற வார்த்தையும் அதுவாகவே அமைந்தது நமக்குக் கிடைத்த ஒரு சலுகை. இருட்டில் பயந்துபோன பிள்ளை "அப்பா" என்று கத்துகிறது. அந்தச் சத்தத்தில் நடுக்கம் இருக்கும், ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் குழப்பம் இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பொய்யான நிச்சயம் என்று ஒன்று உண்டு. மத்தேயு 7-ல் "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வருகிறவர்கள் மிக நிச்சயமாகத்தான் வருகிறார்கள். அவர்கள் காட்டுகிறது என்ன? "உமது நாமத்தினாலே" செய்த தீர்க்கதரிசனம், பிசாசு துரத்தினது, அற்புதங்கள். தங்கள் கணக்கை நீட்டுகிறார்கள். கர்த்தரோ "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார். அட்டையில் கையெழுத்துப் போட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன், அந்நியபாஷை பேசினேன் என்று சொல்லிக்கொண்டு, வீட்டில் மனைவியை அடிக்கிறவனுக்கும் வட்டிக்கு விட்டு ஏழையை நெரிக்கிறவனுக்கும் நான் நிச்சயம் சொல்லமாட்டேன். யோவானும் சொல்லமாட்டார். "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்" என்பது அவர் வைக்கும் அடையாளம் (1 யோவான் 3:14). சபையிலே உங்களுக்கு ஆகாத ஒருவர் இருப்பார் அல்லவா? அவரிடம் உங்கள் மனம் கொஞ்சமாவது இளகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண்ணீரை அளப்பதைவிட அது நல்ல சோதனை. ஆனால் கனியை தினமும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தால் செடி பிழைக்காது. வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் உங்களை நன்றாக அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தால் போதும். மற்ற நாட்களில் வேரில் தண்ணீர் ஊற்றுங்கள்.

நீங்கள் மறுபடி மறுபடி விழுகிற அந்தப் பாவத்தைப் பற்றி. நீங்கள் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறைத்து வைத்துக்கொண்ட பாவம் நிச்சயத்தைக் காயவைத்துவிடும், இதில் சந்தேகமே வேண்டாம். தாவீது பல மாதம் மூடி வைத்தபிறகு 51-ஆம் சங்கீதத்தில் "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து" என்று கேட்கிறார். சந்தோஷத்தைத் திரும்பத் தாரும் என்கிறார், கவனித்தீர்களா? அந்தச் சந்தோஷம் போனது ஜெபத்தின் குறையால் இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவருடைய பாவத்தைப் பற்றிப் பேசினபிறகுதான் அது திரும்பிவர வழி பிறந்தது. உங்களுக்கும் ஒரு நாத்தான் வேண்டும். நம்பகமான ஒரு மூத்த விசுவாசியிடம், அல்லது உங்கள் சபைப் போதகரான ஐயரிடம், வாய்விட்டுச் சொல்லுங்கள். எட்டாவது தடவை கை தூக்குவதைவிட ஒரு தடவை வாய் திறப்பது கடினம், ஆனால் அதில்தான் விடுதலை இருக்கிறது.

இன்னொரு பயத்தையும் தொட்டுவிட வேண்டும், ஏனென்றால் இப்படிக் கேட்கிறவர்களில் பலர் அதைச் சொல்லாமல் உள்ளே வைத்திருப்பார்கள். "ஆவியானவருக்கு விரோதமாகத் தூஷணம் சொல்லிவிட்டேனோ, எனக்கு மன்னிப்பே இல்லையோ" என்ற பயம். மனதுக்குள் கேட்காமலே அசிங்கமான, தூஷணமான வார்த்தைகள் வந்து விழும். அவர்கள் அதை வெறுப்பார்கள், வெறுக்க வெறுக்க இன்னும் வரும். ஜான் பனியன் என்ற பாத்திரம் பழுதுபார்க்கிற தொழிலாளிக்கு இதுதான் நடந்தது. "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று ஒரு குரல் ஏறக்குறைய ஒரு வருடம் அவரைச் சாப்பிடக்கூட விடாமல் துரத்தியது. ஒரு நாள் களைத்துப்போய் "போகட்டும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டார். மூத்தமகன் உரிமையை விற்றுவிட்ட ஏசாவைப் போல எல்லாம் போயிற்று என்று நெடுநாள் புழுங்கினார். பிறகு ஒரு நாள் வயலில் நடந்துபோகும்போது "உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது" என்ற வார்த்தை மனதில் விழுந்தது. தன் நல்ல மனநிலை அந்த நீதியைக் கூட்டாது, கெட்ட மனநிலை அதைக் குறைக்காது, ஏனென்றால் கிறிஸ்துவே அந்த நீதி என்று கண்டார். நம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பிற்பாடு இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினது இவருடைய யாத்திரைக் கதையைத் தழுவித்தான்.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்தவர்கள் என்று இயேசு எச்சரித்தது, வெளிச்சத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே அதைப் பிசாசின் வேலை என்று துணிந்து சொன்னவர்களை. அவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டு அழுதுகொண்டு நிற்கவில்லை. உங்களுக்கு வருகிறது அந்த வகை அல்ல. ஆனால் இந்த எண்ணங்கள் நாள் முழுதும் சுழன்று, ஒரே ஜெபத்தை இத்தனை தடவை சொன்னால்தான் அடங்கும் என்கிற அளவுக்குப் போயிருந்தால், அது மனநல மருத்துவர் நன்றாக அறிந்த ஒரு நோயாக இருக்கலாம். போய்ப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பது எப்படி விசுவாசக் குறைவு ஆகாதோ, அப்படித்தான் இதுவும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் வில்லியம் கூப்பர். இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பற்றி நம் சபைகளில் தமிழில் பாடுகிறோமே, அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதினவர். 1773-ல் கடுமையான மனச்சோர்வில் இருந்தபோது, "உன் கதை முடிந்தது, நீ அழிந்தாய்" என்ற வார்த்தையைக் கனவில் கேட்டார். அதற்கப்புறம் அவர் ஆலயத்துக்குள் போகவே இல்லை. 1800-ல் சாகும்வரை, இருபத்தேழு வருடம், தான் தள்ளுண்டவன் என்றே நம்பினார். ஊழியரான ஜான் நியூட்டன் கடைசிவரை அவரைக் கைவிடாத நண்பராக இருந்தார். கூப்பருக்கு நிச்சயம் திரும்பிவரவில்லை. ஆனால் அவர் எழுதின பாட்டைப் பாடி எத்தனையோ பேர் நிச்சயத்தோடு கண்ணை மூடினார்கள். கூப்பர் இரட்சிக்கப்படவில்லை என்று நம்ப என்னால் முடியாது. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்ற வசனம் கூப்பரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அச்சாரப் பணத்தை எடுத்து வைத்த அந்த ஆச்சிக்குக் கடைசி நாலு வருடம் நினைவு தப்பிவிட்டது. முதலில் பேரப்பிள்ளைகள் பெயர் போயிற்று, அப்புறம் அப்பாவையே "நீங்க யாரு, எந்த ஊரு" என்று கேட்டாள். கர்த்தருடைய ஜெபம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடும். ஒரு நாள் "இயேசு" என்று சொன்னேன், ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் ஓடவில்லை. எனக்கு அப்போது பென்சில் தேதியும் அழிந்துகொண்டிருந்த காலம். இரட்சிப்பு என்பது நாம் நினைவில் பிடித்து வைத்திருப்பதுதான் என்றால், ஆச்சிக்கு அன்றைக்கு என்ன இருந்தது? அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்துதான் ஏசாயா 49-ஐ முதல்தடவை வாசிப்பதுபோல வாசித்தேன். தாய் தன் பாலகனை மறந்தாலும் "நான் உன்னை மறப்பதில்லை. இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." ஆச்சியின் கை போர்வைமேல் கிடந்தது, வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறைபிடித்த விரல்கள், எதையும் இறுகப் பிடிக்கத் தெம்பில்லாத கை. அன்றைக்கு என் தேதிகளைப் பற்றின கவலை என்னைவிட்டுப் போனது. ஒரேயடியாகப் போகவில்லை, சில வருடம் வந்து வந்து போனது. ஆனால் அதற்கப்புறம் நான் ஐந்தாவது தேதி எழுதவில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால், உட்கார்ந்த இடத்திலேயே யோவான் 6:37-ஐ மெதுவாகச் சொல்லுங்கள்: "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை." நீங்கள் சரியாக வந்தீர்களா என்று அந்த வசனம் கேட்கவில்லை. ஒருவேளை இதுவரை நீங்கள் உண்மையாக வரவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இப்போது வாருங்கள், அதே வாக்கு இப்போதும் நிற்கிறது. இரண்டில் எதுவானாலும் போகவேண்டிய இடம் ஒன்றுதான். ராத்திரி பயம் வந்தால் உங்கள் மனதுக்குள் வாதாடாதீர்கள், எழுந்து விளக்கைப் போட்டு வேதத்தைத் திறந்து சத்தமாக வாசியுங்கள். சோதனை வந்தபோதெல்லாம் "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சொல்லும்படி லூத்தர் சபைக்குக் கற்றுக்கொடுத்தார். ஞானஸ்நானத்தைப் பற்றி நம் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், ஆனால் தனக்கு வெளியே இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாரே, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். திருவிருந்துக்குப் போகாமல் ஒதுங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பாவத்தை ஒளித்துவைத்துக்கொண்டு போகாதீர்கள், அறிக்கையிட்டுவிட்டுப் போங்கள். அப்பம் உங்கள் கையில் வைக்கப்படும்போது உங்கள் விசுவாசம் எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பசியோடு இருக்கிறவனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கிறார்கள்.

சாட்சி நேரத்தில் தேதி கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், "தேதி தெரியாது ஐயா" என்று. பவுல் கடைசிச் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கைவசம் தமஸ்கு இருந்தும் அதைச் சொல்லவில்லை. "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்" என்று எழுதினார். அந்த "இன்னார்" யார் என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: இந்த வாரம் அவர் உங்களுக்கு என்ன செய்தார், எங்கே உங்களைத் தூக்கிவிட்டார் என்று. ஒரு நிமிடம் போதும், சொல்லிவிட்டு உட்காருங்கள்.